நாலு என்றுதான் சொன்னேன்

பலேர்மோவில் நான் வேலை செய்த வீடுகளில் ஒன்றில் சாப்பாட்டு அறைச் சுவரில் மூன்று ஆட்டுத் தலைகள் இருந்தன. வீட்டு ஆடுகள் இல்லை. மலையில் திரியும் காட்டுச் செம்மறிக் கடாக்கள். வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற வழக்கறிஞர். மூன்றையும் தானே சுட்டுக் கொண்டுவந்து, பதப்படுத்தி, கண்ணாடிக் கண் வைத்து மாட்டியிருந்தார். பக்கத்தில் நாலாவது தலைக்கு இடம் விட்டு ஆணியும் அடித்து வைத்திருந்தார். அந்த இடம் மெக்சிகோ நாட்டுப் பாலைவன மலைகளில் வாழும் பெருங்கொம்புச் செம்மறிக்கு. வெறும் ஆணியையும் தூசு தட்ட வேண்டும் என்பது அவர் மனைவியின் கட்டளை. தட்டினேன்.

அவரை சிஞ்ஞோர் என்றும் மனைவியை சிஞ்ஞோரா என்றும் கூப்பிடுவேன். தொண்ணூறுகளின் நடுப்பகுதி. எனக்கு அப்போது முப்பத்தாறு வயது. யாழ்ப்பாணத்துத் தீவொன்றிலிருந்து வந்தவள். என் கணவர் பலேர்மோவை அடுத்த சியாகுல்லியில் மண்டரின் தோடைத் தோட்டங்களில் கூலி வேலை செய்தார். எங்கள் ஒரே மகள் கொழும்பில் என் அக்காவோடு இருந்தாள். அவளுக்குப் பத்து வயது. விட்டுவிட்டு வந்தபோது பள்ளிக்கூடம்கூடத் தொடங்கவில்லை. அவளை இங்கே எடுப்பிக்க வேண்டிய எல்லாக் காகிதங்களையும் சேர்த்துவிட்டோம். குவெஸ்தூரா என்கிற பொலிஸ் குடிவரவுக் கந்தோரில் கொடுப்பதற்கு ஒன்றே ஒன்று குறைவு. ‘இவள் என்னிடம் வேலை செய்கிறாள், இனியும் செய்வாள்’ என்று சிஞ்ஞோர் கையெழுத்து வைக்கும் கடிதம் அது. “வேட்டை முடியட்டும், திரும்பி வந்த திங்கட்கிழமை வைத்துத் தருகிறேன்” என்று சொல்லியிருந்தார். மகளுக்கு அக்கா புதுச் சப்பாத்துகூட வாங்கிவிட்டாள்.

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் என்று அந்த அக்கா சொல்லுவா. அது தவறு. மூக்கு நுனி வரை வர என் கோபம் காத்திருப்பதில்லை. ஆனால் அந்த வீட்டில் நாலு வருடம் அதை அடக்கித்தான் வைத்திருந்தேன். மகள் வரவேண்டுமே.

வெள்ளிக்கிழமைகளில் தலைகளைத் துடைப்பது என் வேலை. ஏணி வைத்து ஏறி, தலை ஆடாமல் இருக்கக் கொம்பு நுனியை ஒரு கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் எண்ணெய்த் துணியை அடியிலிருந்து நுனிவரை இழுக்க வேண்டும். எனக்கு முன்பு வேலை செய்தவர்களும் அப்படித்தான் துடைத்தார்களாம். ஒரு நாள் சிஞ்ஞோர் விருந்தாளிகளுக்குக் கத்தியின் பின்பக்கத்தால் கொம்பைத் தட்டிக் காட்டி, “ஒவ்வொரு ஆழமான வளையமும் ஒரு குளிர்காலம். இது பத்து வயதுக் கடா” என்றார். நான் கோப்பித் தட்டோடு நின்றேன். அடுத்த வெள்ளிக்கிழமை துடைக்கும்போது எண்ணிப் பார்த்தேன். ஒன்பதுதான் இருந்தது. மற்றது எட்டு என்று பெருமையடித்தது, ஏழு. மூன்றாவதிலும் ஒன்று குறைவு. இந்த ஆள், தலைக்கு ஒரு வயது கூட்டிப் புளுகுகிறார் என்று முடிவு கட்டினேன். அன்றிலிருந்து அவர் விருந்தாளிகளிடம் அளக்கும்போதெல்லாம் குசினி அடுப்படியில் நின்று வாய்க்குள் சிரித்துக்கொள்வேன். ஒவ்வொரு வெள்ளியும் எண்ணுவதும் பழகிவிட்டது. வேறு என்ன செய்ய, வாய் பேசாத மூன்று தலைகளோடு?

மெக்சிகோவைப் பற்றி அவர் பேசத் தொடங்கினால் பாஸ்தா ஆறிவிடும். அங்கே அந்தப் பாலைவன மலைகளில் மரம் கிடையாதாம். கள்ளியும் உடைந்த கல்லும்தான். கடா பாறையின் நிறத்திலேயே இருக்கும், படுத்தால் பாறையாகிவிடும். நாள் முழுக்க அசையாமல் இருந்து தொலைநோக்கியால் மலையைத் தடவ வேண்டும். செம்மறி ஆபத்தைக் கீழேயிருந்துதான் எதிர்பார்க்கும், ஆகவே மலையைச் சுற்றி ஏறி மேலேயிருந்து இறங்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, கிழக்கடாவை மட்டும்தான் சுடலாம். இளசைச் சுட்டவனுக்கு வாழ்நாளில் மறுபடி வாய்ப்புக் கிடையாது. சுடுவதற்கு முன் கொம்பு வளையத்தை எண்ணத் தெரிய வேண்டும்.

அந்த வேட்டைக்கு அவரைச் சேர்த்துக்கொள்ள ஒரு பெரிய மனிதர் சிபாரிசு செய்ய வேண்டியிருந்தது. பலேர்மோவுக்குப் பின்னால், பகேரியாவையும் தாண்டி உள்ளே போனால் வரும் மலைகளில் அந்த மனிதருக்குப் பெரிய காணி இருந்தது. அதில் முஃப்லோனே என்கிற காட்டுச் செம்மறிகளை வளரவிட்டிருந்தார். மெக்சிகோக் கடாவுக்குச் சித்தப்பன் மகன் முறை என்று வைத்துக்கொள்ளுங்கள், உருவத்தில் கொஞ்சம் சின்னது. அவருடைய காணியிலும் அதே சட்டம்: ஏழு வயதுக்குக் குறைந்த கடாவில் கை வைக்கக் கூடாது. “என் மலையில் ஒரு நல்ல கிழக்கடாவைச் சரியாகப் பார்த்துச் சுட்டுக் காட்டுங்கள், கடிதம் தருகிறேன்” என்று சொல்லியிருந்தார். ஆக சிஞ்ஞோருக்கும் ஒரு கடிதம் வேண்டும், எனக்கும் ஒரு கடிதம் வேண்டும். இரண்டும் அந்த மலையில் கிடந்தன.

சிஞ்ஞோருக்கு அறுபத்தெட்டு வயது. இருதய வருத்தம். ஒரு கண்ணில் ஒப்பரேஷன் செய்தது, மற்றதில் படலம் படரத் தொடங்கியிருந்தது. மலையேறக் கூடாது என்று வைத்தியர் சொன்னார். ஏறுவேன் என்று இவர் நின்றார். முடிவில் சிஞ்ஞோரா என்னைப் பார்த்து, “நீயும் போ. மருந்துக் குளிசையை நேரத்துக்குக் கொடு. விழுந்தால் எங்களுக்குச் சொல்ல ஒரு ஆள் வேண்டும்” என்றார். நான் விழுந்தால் யார் யாருக்குச் சொல்வது என்று ஒருவரும் பேசவில்லை. கணவரின் தோட்டத்துச் சப்பாத்துக்குள் பத்திரிகைத் தாளைக் கசக்கி அடைத்துப் போட்டுக்கொண்டு புறப்பட்டேன்.

காணியின் காவல்காரர் வீட்டில் தங்கினோம். ஐம்பது வயது மதிக்கத்தக்க மனிதர். ஒரு நாளைக்குப் பத்து வசனம் பேசினால் அதிகம். முதல் நாள் ஏழு மணித்தியாலம் நடந்தும் ஆட்டுப் புழுக்கையைத் தவிர ஒன்றும் காணவில்லை. வெள்ளைக் கல்மலை. கால் வைத்தால் கல் உருளும், கை வைத்தால் கல் வெட்டும். இடையிடையே முழங்கால் உயரக் குட்டைப் பனை. பார்வைக்கு நம்முடைய பனை வடலியின் நோஞ்சான் தங்கச்சி, ஆனால் குத்துவதில் அக்காவுக்குக் குறைவில்லை. காவல்காரர் அடிக்கடி காய்ந்த புல்லைக் கசக்கிக் காற்றில் விடுவார். அது போகும் திசையைப் பார்த்து வழியை மாற்றுவார். நான் பாணுக்குள் முட்டைப் பொரியல் வைத்துக் கொண்டுபோயிருந்தேன், வெங்காயமும் பச்சை மிளகாயும் போட்டு. சிஞ்ஞோர் உறைக்குது உறைக்குது என்று மூக்கைச் சிந்திக்கொண்டு இரண்டு துண்டு சாப்பிட்டார்.

இரண்டாம் நாள்தான் கடைசி நாள். விடிய முன்பே மலையின் பின்பக்கத்தால் ஏறத் தொடங்கினோம். சிஞ்ஞோர் இருபது அடிக்கு ஒருமுறை நின்றார். உதடு நீலம் பாரித்தது. நாக்குக்குக் கீழ் வைக்கும் குளிசையைக் கொடுத்தேன். “திரும்புவோம்” என்றேன். “வாயை மூடு” என்றார். எனக்கும் உள்ளூரத் திரும்ப விருப்பமில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அந்த மலையில் ஏற ஏற எனக்கு ஒரு உசார் வந்திருந்தது. நிலத்தைத் துடைத்துத் துடைத்துக் குனிந்தே பழகிய முதுகு, முதல்முறையாக நிமிர்ந்து நின்றது. கீழே மேகம், தூரத்தில் ஒரு கீற்றாகக் கடல். எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

மத்தியானத்துக்குக் கொஞ்சம் முன்பு காவல்காரர் கையைத் தாழ்த்தினார். எல்லோரும் படுத்தோம். எங்களுக்குக் கீழே ஒரு பாறை விளிம்பின் நிழலில் ஐந்து கடாக்கள் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தன. “இங்கிருந்து கொம்பின் ஒரு பக்கம்தான் தெரிகிறது. நான் சுற்றிப் போய் மறுபக்கம் பார்த்துவிட்டு வந்து எது என்று சொல்கிறேன். அதுவரை சுட வேண்டாம்” என்று சிஞ்ஞோரின் காதில் சொல்லிவிட்டுக் காவல்காரர் ஊர்ந்து போனார். அன்று அவர் பேசியதில் நீளமானது அதுதான்.

அரை மணித்தியாலம் காத்திருந்தோம். சிஞ்ஞோரின் மூச்சு துருத்தி ஊதுவதுபோல் கேட்டது. திடீரென்று ஒரு கடா எழும்பி, சோம்பல் முறித்து, தனியாக வெயிலுக்குள் வந்து பக்கவாட்டில் நின்றது. சிஞ்ஞோர் தொலைநோக்கியில் பார்த்தார். கண்ணைத் துடைத்தார். மறுபடி பார்த்தார். பிறகு தொலைநோக்கியை என் பக்கம் தள்ளினார்.

“எண்ணு” என்றார்.

நான் எண்ணுவேன் என்று அவருக்கு எப்படித் தெரியும் என்று அப்போது யோசிக்கவில்லை. ஏணியில் நின்று வாய்க்குள் முணுமுணுப்பதைக் கண்டிருப்பார். குனிந்து பார்த்தேன். வெயில் சரிவாக விழுந்ததில் ஒவ்வொரு வளையத்துக்கும் நிழல் இருந்தது. அடியிலிருந்து ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. அதற்கு மேல் நுனிவரை வளையம் எதையும் நான் காணவில்லை.

“நாலு, சிஞ்ஞோர்.”

“சரியாகப் பார்.”

“சரியாகத்தான் பார்த்தேன். நாலு.”

“கொம்பு காதைச் சுற்றி வந்திருக்கிறது. குறைந்தது எட்டு இருக்கும்.”

“சுற்றி வரட்டும். நாலு.” விளங்கவில்லையோ என்று அவருடைய நல்ல கண்ணுக்கு முன்னால் நாலு விரலை நீட்டிக் காட்டினேன்.

அவர் என் விரல்களைப் பார்த்தார். நிச்சயமாகப் பார்த்தார். பிறகு என் கையைத் தட்டிவிட்டு, துவக்கைக் கல்லின் மேல் வைத்துச் சுட்டார்.

கடா மூன்று பாய்ச்சல் பாய்ந்தது. முன்னங்கால் இரண்டும் மடிந்தன. மற்ற நாலும் கல்லைச் சிதறடித்துக்கொண்டு மலைக்கப்பால் போய்விட்டன. நான் ஆட்டிறைச்சி சாப்பிடுகிறவள், கோழியைக் கையால் உரிக்கிறவள். ஆனாலும் எனக்கு நெஞ்சு எரிந்தது. வயது சொல்லிக் காப்பாற்றக் கூடிய உயிர் அது. சொல்லியும் காப்பாற்ற முடியவில்லை.

காவல்காரர் ஓடி வந்தார். செத்த கடாவின் பக்கத்தில் குந்தி, பெருவிரல் நகத்தைக் கொம்பின் நுனிக்குக் கிட்ட வைத்து, அங்கிருந்து அடிவரை இழுத்தார். “ஐந்து” என்றார்.

ஐந்தா? நான் குனிந்து பார்த்தேன். நுனிக்குப் பக்கத்தில், மயிரிழை போல, உண்மையாகவே ஒரு வளையம் இருந்தது. அந்த முதல் குளிர்காலத்தின் வளையம் எனக்குத் தெரியவே தெரியாது. வீட்டுத் தலைகளில் அது இல்லை. நானும் எனக்கு முன்பிருந்தவர்களும் கையால் இறுக்கிப் பிடித்துப் பிடித்து எண்ணெய்த் துணியால் தேய்த்துத் தேய்த்து அந்த நுனிகளைக் கண்ணாடி போல் ஆக்கி வைத்திருந்தோம். நாலு வருடமாக நான் ஒவ்வொரு தலையிலும் ஒன்று குறைத்து எண்ணியிருக்கிறேன். நாலு வருடமாக சிஞ்ஞோரைப் புளுகன் என்று நினைத்துச் சிரித்திருக்கிறேன். தலைகளின் வயதில் மட்டும் அந்த மனிதர் புளுகவில்லை. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

வெட்கம் ஒரு நிமிடம்தான் நின்றது. சிஞ்ஞோர் தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்துக்கொண்டு காவல்காரரிடம், “இவள் எட்டு என்று சொன்னாள். என் கண்தான் தெரியுமே. இவளை நம்பிச் சுட்டேன்” என்றார்.

வீட்டில் எந்நேரமும் சுத்த இத்தாலியன் பேசுகிறவர், இதை மட்டும் சிசிலியப் பேச்சில் சொன்னார். எனக்கு விளங்காது என்று நினைத்திருப்பார். வருடக்கணக்காகச் சந்தையில் மீன்காரரோடு சண்டை பிடித்தவளுக்கு விளங்காத சிசிலியப் பேச்சு இல்லை.

“நாலு என்று சொன்னேன்” என்றேன்.

காவல்காரர் என்னைப் பார்த்தார். அவரைப் பார்த்தார். சிகரட் ஒன்றைப் பற்றவைத்துக்கொண்டு, கடாவின் கால்களைக் கட்டத் தொடங்கினார்.

திரும்பி வரும்போது ஜீப்பில் சிஞ்ஞோர் நல்ல மாதிரி இருந்தார். எனக்குத் தோடம்பழம்கூட உரித்துத் தந்தார். “ஞாயிற்றுக்கிழமை காணிக்காரர் மத்தியானச் சாப்பாட்டுக்கு வருகிறார். உன்னிடம் கேட்பார். எட்டு என்று சொன்னேன், பிழைவிட்டுவிட்டேன் என்று சொல். அவ்வளவுதான். உன்னை யார் தண்டிக்கப் போகிறார்கள்? உனக்கு ஆடு எண்ணத் தெரியாது என்றால் உனக்கு என்ன நட்டம்? திங்கட்கிழமை உன் கடிதத்தில் கையெழுத்து வைக்கிறேன்.”

தோடம்பழத்தைச் சாப்பிட்டேன். தாகமாக இருந்தது.

சனிக்கிழமை பின்னேரம் கணவருக்கு எல்லாவற்றையும் சொன்னேன். அவர் மண்டரின் வெட்டிய கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிக்கொண்டே கேட்டார்.

“எட்டெண்டு சொல்லிப்போட்டு வாருமன். ஆடு செத்துப்போச்சு. அதுக்கு இனி எத்தினை வயசெண்டால் என்ன?”

“நான் அப்பிடிச் சொல்லேல்லை.”

“நீர் சொல்லாட்டில் என்ன? ரெலிபோனிலை ஒவ்வொரு நாளும் சிஞ்ஞோரா வீட்டிலை இல்லையெண்டு பொய் சொல்லுறனீர்தானே? அவ பக்கத்திலை இருந்து நகம் வெட்டிக்கொண்டிருப்பா. அது மட்டும் பாவமில்லையோ?”

“அது அவையின்ரை பொய். நான் வாயை மட்டும் குடுக்கிறனான். இது என்ரை கண்ணாலை நான் எண்ணினது.”

“பிள்ளையை நினையும்” என்றார். கோபமில்லாமல்தான் சொன்னார். அதுதான் சுட்டது.

பிள்ளையை நினைக்காமலா இருந்தேன்? அன்று முழுக்க எட்டு, எட்டு என்று சொல்லிப் பார்த்தேன். ஒரு சொல். ஒரு மூச்சு. சொன்னால் இரண்டு மாதத்தில் மகள் என் பக்கத்தில். இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து எத்தனைக்குத் தலையாட்டியிருப்பேன்! என் பெயர் வாயில் வரவில்லை என்று வேறு பெயர் வைத்தார்கள், தலையாட்டினேன். மிஞ்சிய சாப்பாட்டைத் தந்து நல்ல சாப்பாடு என்று சொல்லச் சொன்னார்கள், சொன்னேன். சிஞ்ஞோரா உடைத்த தட்டை நான் உடைத்ததாக ஒத்துக்கொண்டேன். அதெல்லாம் எனக்கு உறைக்கவில்லை, ஏனென்றால் அவை ஒன்றிலும் நான் இல்லை. ஆனால் அந்த மலையில் நான் இருந்தேன். ஒரு கேள்வி கேட்டார்கள், பார்த்தேன், எண்ணினேன், சொன்னேன். வீடு துடைப்பதைத் தவிர இந்த நாட்டில் என்னிடம் கேட்கப்பட்ட ஒரே கேள்வி அது. அதையும் எடுத்து அழுக்குத் துணி போல் பிழிந்து போடச் சொன்னால் எப்படி?

ஞாயிறு பூசைக்குப் போய்விட்டு நேரே வேலைக்குப் போனேன். கோயிலில் மாதாவிடம் எட்டு என்று சொல்ல மனம் தா என்றுதான் கேட்டேன். அதை மறைக்கப் போவதில்லை.

காணிக்காரர் எழுபது வயதுக்கு மேற்பட்ட, கைத்தடி ஊன்றிய மனிதர். கடாவின் மண்டையோட்டைக் கொம்போடு சாக்கில் சுற்றிக் கொண்டுவந்து பக்கத்து மேசையில் வைத்தார். நான் பாஸ்தா பரிமாறினேன். அவர் கரண்டியைத் தொடவில்லை.

“சிஞ்ஞோரா, நீங்கள்தான் மலையில் எண்ணியவரா?” என்று என்னிடம் கேட்டார். அந்த வீட்டில் என்னை ‘நீங்கள்’ என்று கூப்பிட்ட முதல் வாய் அது.

“ஆம்.”

“என்ன சொன்னீர்கள்?”

சிஞ்ஞோர் பாணைப் பிய்த்துக்கொண்டிருந்தார். சிஞ்ஞோரா தண்ணீர்க் கிளாஸைப் பார்த்துக்கொண்டிருந்தார். மகளின் முகம் முன்னால் வந்தது. அதற்கு முன்னாலேயே என் வாய் திறந்துவிட்டது.

“நாலு.”

“பயத்தில் இப்போது மாற்றுகிறாள்” என்று சிஞ்ஞோர் சிரித்தார். “எட்டு என்று சொன்னாள்.”

காணிக்காரர் அவர் பக்கம் திரும்பவில்லை. “ஆனால் கடாவுக்கு ஐந்து வயது” என்றார் என்னிடம்.

“தெரியும். காவல்காரர் எண்ணும்போது பார்த்தேன். நான் பிழைவிட்டது ஒன்று. நுனிக்குப் பக்கத்தில் ஒரு வளையம் இருப்பது எனக்குத் தெரியாது. இந்த வீட்டுத் தலைகளைத் துடைத்துத்தான் எண்ணப் பழகினேன். இவற்றில் அது தேய்ந்துவிட்டது. தேய்த்தது நான்தான்.”

அவர் கைத்தடியை ஊன்றி எழுந்தார். சுவருக்குப் போய் எட்டிய தலை ஒன்றின் கொம்பு நுனியைப் பெருவிரலால் தடவினார். பிறகு சாக்கைப் பிரித்து மண்டையோட்டின் நுனியைத் தடவினார். மறுபடி சுவரில். அறையில் பாஸ்தாவின் ஆவியைத் தவிர ஒன்றும் அசையவில்லை.

“வழக்கறிஞரே, பொய் சொல்ல வந்தவர் என்றால் ஐந்து என்று சொல்லியிருப்பார். சரியான விடை மேசையில் கிடக்கிறது. அதை விட்டுவிட்டுப் பிழையான எண்ணை இவ்வளவு பிடிவாதமாகச் சொல்வது, உண்மையில் அதைச் சொன்னவர் மட்டும்தான்.”

சாக்கைச் சுற்றி எடுத்துக்கொண்டு, எனக்குத் தலையசைத்துவிட்டு, சாப்பிடாமலே போய்விட்டார். மெக்சிகோவுக்கான கடிதம் வரவில்லை.

என்னுடைய கடிதமும்தான். கதவு சாத்திய சத்தம் அடங்க முன்பே சிஞ்ஞோர், “ஏப்ரனைக் கழற்று” என்றார். கழற்றினேன். அடுப்பில் இறைச்சி இருந்தது, தொட்டியில் சட்டிபானை குவிந்து கிடந்தது. ஒன்றையும் தொடவில்லை. வாசலில் சிஞ்ஞோரா மட்டும் மெல்லிய குரலில், “ஒரு ஆட்டுக்காகவா?” என்று கேட்டார். “உங்கள் வீட்டில் அது ஆட்டுக்காக இருக்கலாம்” என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினேன். பஸ்ஸுக்குக் காத்து நிற்கும்போது பயம் வந்தது. ஆனால் அதற்குக் கீழே, நாலு வருடத்துக்குப் பிறகு, என் கோபம் திரும்பி என்னிடமே வந்து சேர்ந்த ஒரு நிம்மதி இருந்தது.

கோயிலடியில் நம்முடைய சனம் என்னை விட்டுவைக்கவில்லை. “ஆட்டுக்கு வயசு பாக்கிறவ வாறா” என்று பகிடி பண்ணினார்கள். பைத்தியம் என்றார்கள். சிலர் திமிர் என்றார்கள். திமிர்தான் என்றேன். கணவர் மூன்று கிழமை என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. நிரந்தர வேலை கிடைக்க எட்டு மாதம் எடுத்தது. புது வீட்டில் கடிதம் கேட்கக் கொஞ்சக் காலம், அது குவெஸ்தூராவில் கிடந்த காலம், எல்லாமாகப் பதினாலு மாதம். யாரிடமும் நான் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்க வேண்டிய பிழையும் செய்யவில்லை.

அந்தப் பதினாலு மாதத்துக்குள் ஒரு நாள் கொழும்பிலிருந்து அக்காவின் கடிதம் வந்தது. மகள் வயதுக்கு வந்து பெரியபிள்ளையாகிவிட்டாள். இன்னும் பன்னிரண்டுகூட ஆகவில்லை. சாமத்தியச் சடங்கின் தண்ணீரை அக்காவே வார்த்து, சேலை உடுத்தி, படம் எடுத்து அனுப்பியிருந்தா. படத்தில் என் பிள்ளை கமராவைப் பார்க்காமல் பக்கத்தில் எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தாள். குசினி நிலத்தில் இருந்து அழுதேன். சத்தம் போட்டு அழுதேன். கடாவின் வளையத்தில் ஒன்று பிசகினேன் என்றால், இதை நான் எண்ணவே இல்லை.

மகள் ரோமில் வந்து இறங்கினாள். கணவர் போய்க் கூட்டிக்கொண்டு நாப்பொலியிலிருந்து கப்பலில் வந்தார். காலையில் துறைமுகத்தில் நின்றேன். படியால் இறங்கி வந்தவள் என் தோளுக்கு வந்துவிட்டாள். கட்டிப் பிடித்தேன். நின்றாள், அவ்வளவுதான். நாலைந்து நாள் ஓம், இல்லை என்பதைத் தவிர ஒன்றும் கதைக்கவில்லை. பிறகு ஒரு மத்தியானம், நான் அவளுக்குத் தலை சீவிவிட்டுக்கொண்டிருக்கும்போது, கண்ணாடியில் என்னைப் பார்த்துக் கேட்டாள்.

“நான் பெரியபிள்ளையானது தெரிஞ்சவுடனை நீங்கள் ஏன் வரேல்லை?”

“வேலை போனதோடை என்ரை விசாக் காகிதமும் இழுபட்டுப்போச்சம்மா. வந்தால் திரும்பி உள்ளுக்கு வர ஏலாது.”

“பெரியம்மா சொன்னவா. ஆரோ ஒரு ஆட்டின்ரை வயசைக் கேட்டவையாம். நீங்கள் அவை கேட்ட மாதிரிச் சொல்லேல்லையாம். அதாலைதானாம் பிந்தினது.”

சீப்பைக் கீழே வைத்தேன். முழுவதையும் சொன்னேன், மலையை, விரலை, ஞாயிற்றுக்கிழமையை. உனக்குத் தண்ணி வார்க்க விடாமல் என்னை மறிச்சது அந்த மனுசன், நான் இல்லை என்றும் சொன்னேன். அவள் கண்ணாடியில் என்னைப் பார்த்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு என் மூக்கு, என் நாடி, என் முறைப்பு.

“விளங்குது. அவர்தான் பிழை” என்றாள். “எண்டாலும் அம்மா, நீங்கள் எட்டெண்டு சொல்லியிருக்கலாம்.”

எத்தனையோ பேர் அதைச் சொல்லியிருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் வாய் நிறையப் பதில் வைத்திருந்தேன். அவளுக்கு முன்னால் அந்தப் பதில் ஒன்றும் வரவில்லை. அவள் கேட்டது நியாயம். என் கண் நிறைந்து வழிந்தது, துடைக்கவுமில்லை.

“ஏலாதம்மா” என்றேன். “உனக்காகக்கூட ஏலாமல் போச்சு.”

அவள் என்னை முறைத்துப் பார்த்தாள். பிறகு கீழே கிடந்த சீப்பை எடுத்து, மிச்சத் தலையைத் தானே சீவத் தொடங்கினாள்.